அத்தான் வாங்கிய பூட்டு

என் அக்காவைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ள எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். டயாலிசிஸ் வார்டில் என்னோடு வேலை பார்க்கிற நர்சுகள் நான் "எங்க அக்கா" என்று ஆரம்பித்தாலே காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் இப்போது நான் சொல்லப்போவதில் பாதி அத்தானைப் பற்றியது. அத்தானைப் பற்றி என் வாயிலிருந்து நல்ல வார்த்தை வரும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால், சொன்னவருக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பேன்.

அக்கா ஜீப் ஓட்டுகிறாள். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப். மேலே கித்தான் கூரை, உள்ளே எதிரெதிராக இரண்டு பெஞ்சு, ஓட்டுகிறவர் இடுப்பைப் பதம் பார்க்கிற ஒரு சீட்டு. மலைமேல் இருக்கிற குடியிருப்புகளுக்குத் தார்ரோடு கிடையாது. பாதி வழி ஓடைக்குள் போகும், மீதி வழி பாறைமேல் ஏறும். ஆம்புலன்ஸ்காரர்கள் அடிவாரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு, "இதுக்கு மேல எங்களால முடியாது" என்று கும்பிடு போட்டுவிடுவார்கள். அக்காவுக்கு அங்கேதான் வேலையே ஆரம்பிக்கும். ஓடைத் தண்ணீருக்குள் இறங்கும்போதுகூட வெளியே முழங்கையைப் போட்டுக்கொண்டு, பின்னால் இருப்பவர்களிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே வருவாள். நான் ஒரு தடவை அவளோடு போயிருக்கிறேன். போகும்போது கண்ணை மூடினவள் மேலே போய்த்தான் திறந்தேன்.

அவள் கூட்டி வருவது சிறுநீரகம் செயலிழந்தவர்களை. வாரத்தில் மூன்று நாள் எங்கள் வார்டுக்கு வந்து படுத்து, மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகவேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு வாங்கும். அடுத்ததும் தவறினால் நான் என்ன சொல்வது. இந்த வேலையில் பல வருடம் இருக்கிறேன், அதைப் பற்றிப் பேசவே எனக்குப் பிடிக்காது.

முன்பு மலைக்கு இரண்டு ஜீப் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று மீசையுடையது. மீசை என்றால் ஆளே மீசைக்குப் பின்னால்தான் இருப்பார். நல்ல மனுஷன், நல்ல டிரைவர். ஒரு நாள் கடைத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார், கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது. இந்த மாதிரி பழைய ஜீப்புகளுக்கு இப்போது ஏக கிராக்கியாம். சேற்றிலும் மேட்டிலும் ஏற்றி விளையாடுகிற பணக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு உதிரி பாகம் வேண்டும். வண்டியைக் கொண்டுபோய் ஒரே நாளில் கோழி உரிக்கிற மாதிரி உரித்துவிடுவார்களாம்.

மீசையின் வண்டியில் வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் கொத்தனாரம்மா. புருஷன் கொத்தனார், அதனால் அந்தப் பெயர். ஜன்னலோரப் படுக்கை அவருடையது. வண்டி போன பிறகு அக்கா தன்னால் முடிந்த மட்டும் இரண்டு நடை அடித்துப் பார்த்தாள். ஆனால் மீசையின் ஆட்கள் இருந்தது மலையின் அந்தப் பக்கச் சரிவில், சுற்றிக்கொண்டு போக நேரம் பிடித்தது, ஒரு தரம் ஓடையில் தண்ணீர் வந்து வழியே அடைத்துக்கொண்டது. இரண்டாவது வாரம் கொத்தனாரம்மா எங்களிடம் வந்து சேர்ந்தபோது எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்குப் பிறகு மீதி இருந்தவர்களை அக்கா தன் பக்கத்துக் குடியிருப்புக்கே குடிமாற்றி, எல்லோரையும் ஒரே வண்டியில் திணித்துக்கொண்டு வர ஆரம்பித்தாள். அப்போதிலிருந்து மலைக்கு இருப்பது அவள் வண்டி ஒன்றுதான். அது போனால் என் வார்டில் ஒரு வரிசைப் படுக்கையே காலியாகிவிடும்.

இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இதற்காக ராத்தூக்கத்தைத் தொலைத்தவர் எங்கள் அத்தான்.

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் கண்ணைச் சரிபண்ணி அனுப்புகிறவருக்குத் தன் கண்ணில் மட்டும் எல்லாமே பூதக்கண்ணாடியில் தெரியும். தெருவில் நாய் குரைத்தால் திருடன். போனில் ராங் நம்பர் வந்தால் திருடனின் கூட்டாளி. மீசையின் வண்டி தொலைந்த மறுநாளே ஒரு பூட்டு வாங்கி வந்தார். பிறகு இன்னொன்று. சக்கரத்தில் மாட்டுகிற பெரிய மஞ்சள் கவ்வி ஒன்று வந்தது, அதை மாட்டவே இரண்டு ஆள் வேண்டும். அப்புறம் ஒரு அலாரம். அது காக்கை உட்கார்ந்தாலும் கத்தும், காற்றடித்தாலும் கத்தும், ஒன்றுமே நடக்காவிட்டால் அதற்காகவும் கத்தும். ஓடையைத் தாண்டும்போது அது கத்திய கத்தலில் பின்னால் இருந்த நோயாளிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று நான் சண்டை போட்டுக் கழற்ற வைத்தேன்.

கடைசியில் ஸ்டியரிங்கில் குறுக்காக மாட்டுகிற ஒரு இரும்புத் தண்டு வாங்கி வந்தார். சிவப்புப் பெயிண்ட் அடித்தது. அதை மாட்டிப் பூட்டினால் ஸ்டியரிங் திரும்பாது. அதோடு விட்டாரா? சக்கரத்தை நேராக விட்டுப் பூட்டக்கூடாதாம். ஒரே பக்கமாக முழுசாக ஒடித்து வைத்துவிட்டுத்தான் பூட்டவேண்டுமாம். அக்கா கிளம்பும்போது தினமும் வாசலில் நின்று இந்தப் பாடத்தை ஒப்பிப்பார். ஒப்பித்துவிட்டு, முடிவில் ஒரு வரி சேர்ப்பார்.

"வண்டி போனா போகட்டும். நீ குறுக்க போயிடாத."

போனால் போகட்டும் என்றால் எதற்கு ஐயா இத்தனை பூட்டு என்று நான் ஒரு நாள் நேராகவே கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். இப்படி ஒரு குழப்பவாதியோடு என் அக்கா எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஏனென்றால் அக்காவுக்கு இந்தப் பூட்டெல்லாம் தேவையே இல்லை. அவளுடைய காவல் வேறு. அதை எனக்கு மட்டும் காட்டியிருக்கிறாள்.

அந்த ஜீப்பில் இரண்டு கியர் உண்டு. பெரிய கியர், எல்லா வண்டியிலும் இருப்பது. அதன் பக்கத்தில் சின்ன கியர். என்ஜினின் சக்தியைப் பின்சக்கரத்துக்கு மட்டும் அனுப்புவதா, நாலுக்கும் அனுப்புவதா என்று முடிவு செய்வது அதுதான். அதை நடுவில் தள்ளி வைத்துவிட்டால் சக்தி எந்தச் சக்கரத்துக்கும் போகாது. என்ஜின் உறுமும், பெரிய கியர் எல்லாம் ஒழுங்காக விழும், வண்டி மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். அக்கா என்ன செய்தாளென்றால், லேத் பட்டறையில் கொடுத்து அந்தச் சின்ன கியரின் கம்பியை அடியோடு வெட்டி, மரை போட்டு வாங்கிக்கொண்டாள். வண்டியை நிறுத்தியதும் சின்ன கியரை நடுவில் தள்ளுவாள், கம்பியைத் திருகிக் கழற்றுவாள், அடிக்கட்டையை ரப்பர் விரிப்பால் மூடுவாள், கம்பியைச் சாப்பாட்டுக் கூடைக்குள் டிபன் பாக்சுக்கு அடியில் போட்டுக்கொண்டு வார்டுக்கு வந்துவிடுவாள். ஒரு முழம் கம்பி. அவ்வளவுதான் காவல்.

இதைக் கேட்ட அன்றைக்கு நான் அவள் கன்னத்தைக் கிள்ளினேன். அத்தானிடம் சொல்லிவிடேன், அவர் நிம்மதியாக இருப்பாரே என்றேன். சொன்னால் அந்தக் கம்பியை வைக்க ஒரு பெட்டியும் அந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டும் வாங்குவார் என்றாள். அப்படியானால் அந்தச் சிவப்புத் தண்டை எதற்கு மெனக்கெட்டுத் தினமும் மாட்டுகிறாய், வார்டுக்கு வந்தபிறகு அவர் வந்து பார்க்கவா போகிறார் என்று கேட்டேன்.

"பூட்டினியான்னு சாயங்காலம் கேப்பார். பூட்டினேன்னு சொன்னா தூங்குவார். பொய் சொன்னா கண்டுபிடிச்சிடுவார்."

அதனால் ஆஸ்பத்திரி முற்றத்தில் அவள் வண்டி எப்போதும் முன்சக்கரத்தை முறுக்கிக்கொண்டு கோணலாகத்தான் நிற்கும். எங்கள் காவலாளிக்கு அதைக் கண்டால் ஆகாது. அவனை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவோம், வாயிலிருந்து விசிலை எடுத்தே யாரும் பார்த்ததில்லை. இப்படி நிறுத்தினால் இரண்டு வண்டி இடம் வீணாகிறது என்று முணுமுணுப்பான். ஆனாலும் அக்கா மேல் உயிர். மலையிலிருந்து வரும்போது அவனுக்கென்று கொய்யாவோ எலுமிச்சையோ கொண்டுவந்து கொடுப்பாள். அவனுக்கு மட்டுமில்லை, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற பையன்கள், லாண்டரிக்காரர், கேன்டீன் ஆட்கள் என்று எல்லாரும் அவளுக்குக் கடன்பட்டவர்கள். பேட்டரி படுத்துவிட்ட நாட்களில் ஓடி வந்து வண்டியைத் தள்ளிவிடுகிறவர்களும் அவர்கள்தான்.

இனி நடந்ததற்கு வருகிறேன்.

நடுப்பகல். வாத்தியாருக்கு டயாலிசிஸ் முடிந்துவிட்டது. மலையில் பள்ளிக்கூடம் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர், பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தால் விடமாட்டார். ஊசியை எடுத்துவிட்டு அவர் கையில் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். ரத்தம் நிற்கிற வரைக்கும் விரலை எடுக்கக்கூடாது. அக்கா பக்கத்து நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். விடியுமுன் எழுந்து மலையேறுகிறவள், அந்தத் தூக்கத்தை யாரும் கலைக்க மாட்டோம். காலடியில் சாப்பாட்டுக் கூடை.

கீழே முற்றத்தில் ஒரு என்ஜின் உறுமியது. உறுமி, அடங்கி, மறுபடி உறுமியது. ஜன்னலுக்குப் போக முடியாததால் இருந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தேன். அக்காவின் ஜீப்பைச் சுற்றி நம்ம ஆட்கள் கூடியிருந்தார்கள். விசில் இருந்தான், லாண்டரிக்காரர் இருந்தார், ஸ்ட்ரெச்சர் பையன்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் வண்டிக்குப் பின்னால் தோளைக் கொடுத்துத் தள்ளத் தொடங்கினார்கள்.

எனக்கு மனசெல்லாம் பூரித்துப்போயிற்று. பாருங்கள் வாத்தியாரே, எங்கள் அக்கா வண்டி என்றால் எப்படி ஓடி வருகிறார்கள் என்று சொல்லிக்கூட விட்டேன். வாத்தியார் ஜன்னலைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார்.

"உங்க அக்கா இங்க தூங்குறா. அங்க சீட்டுல உக்காந்திருக்கிறது யாரு?"

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. சின்ன கியரை நடுவில் வைத்த வண்டியை ஓட்ட முடியாது, ஆனால் தள்ள முடியும். மற்ற வண்டிகளைவிட லேசாகவே தள்ள முடியும். என் அக்காவின் அருமையான காவலில் ஒரு யானை நுழைகிற ஓட்டை இருந்தது. வெளிகேட்டுக்கு அப்பால், பின்பலகையைச் சாய்த்துப் போட்டபடி ஒரு லாரி நிற்பதும் தெரிந்தது.

அக்காவைக் கூப்பிடத் திறந்த வாய் அப்படியே நின்றது. கீழே நடப்பதைப் பார்த்து.

வண்டி கேட்டை நோக்கிப் போகவில்லை. இடதுபக்கமாக வளைந்தது. தள்ளுகிறவர்கள் இன்னும் உற்சாகமாகத் தள்ளினார்கள், அது இன்னும் வளைந்தது. டிரைவர் சீட்டில் இருந்தவன் கையை ஆட்டி ஏதோ கத்தினான். அவன் உற்சாகப்படுத்துகிறான் என்று நினைத்துக்கொண்டு ஸ்ட்ரெச்சர் பையன்கள் ஏலேலோ போடாத குறையாகத் தள்ளினார்கள். ஜீப் செக்குமாடு மாதிரி முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. சிவப்புத் தண்டு வெயிலில் மின்னியது.

நடந்ததை விசில் பிற்பாடு சொன்னான். அந்த ஆள் கேட்பாரற்று உள்ளே வந்து, ஒயரை இணைத்து வண்டியைக் கிளப்பி, கியர் மேல் கியராகப் போட்டுப் பார்த்திருக்கிறான். சத்தம் கேட்டு விசில் போய் யாரென்று விசாரித்தபோது, ஓனர் அண்ணன்தான் அனுப்பினார், கியர் பாக்ஸ் கெட்டுவிட்டது, பட்டறைக்கு எடுத்துப்போக லாரி வந்திருக்கிறது என்றானாம். வண்டிக்கு ஓனர் ஒரு ஆம்பிளை என்று அவனாகவே முடிவு செய்திருக்கிறான். விசிலோ, ஓனர் அண்ணன் என்றால் எங்கள் அத்தான் என்று எடுத்துக்கொண்டான். நல்லா இருக்கிற வண்டிக்கே மெக்கானிக் அனுப்புகிற ஆள்தானே அத்தான், நம்பாமல் என்ன செய்வான்? உடனே விசிலை ஊதி ஊரைக் கூட்டிவிட்டான். அந்த ஆள் தண்டை அறுத்துவிட்டுத் தள்ளலாம் என்று சொல்ல வாயெடுக்குமுன் நம் ஆட்கள் தள்ளியே விட்டார்கள். என் அக்கா சம்பாதித்து வைத்திருக்கிற நல்ல பெயர்தான் அவள் வண்டியை வாசல்வரை வழியனுப்பப் பார்த்தது.

ஒரு சுற்றுச் சுற்றி வந்தபிறகுதான் விசிலுக்குத் தண்டு கண்ணில் பட்டிருக்கிறது. பூட்டியிருக்கிறதே, சாவி எங்கே என்று கேட்டான். பரவாயில்லை, லாரியில் ரம்பம் இருக்கிறது, அறுத்துக்கொள்கிறேன் என்றான் அவன். அநியாயமாக எதற்கு அறுக்கவேண்டும், அண்ணன் ஆசையாக வாங்கினது, மாடியில் அக்கா இருக்காங்க, ஒரே ஓட்டமாக வாங்கி வருகிறேன் என்று விசில் படியேறிவிட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் மூச்சு வாங்க வந்து நின்று, அவனே அக்காவை எழுப்பினான். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். அத்தான் அனுப்பிய மெக்கானிக் என்றதும் அவள் முகம் ஒரு கணம் மாறியது. அத்தான் எதையும் அவளிடம் கேட்காமல் செய்யமாட்டார், ஒரு தடவைக்குப் பத்து தடவை கேட்பார். அவள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். நானாக இருந்தால் அந்த நேரம் கத்திய கத்தலில் ஆஸ்பத்திரி இடிந்திருக்கும்.

"சத்தம் போடாம போய் கேட்ட சாத்து. அப்புறம் போலீசுக்கு போன் பண்ணு. அந்த ஆள்கிட்ட சாவி வந்துக்கிட்டிருக்குன்னு சொல்லு."

விசிலுக்கு அப்போதுதான் விளங்கியது. பேயறைந்த மாதிரி நின்றவன், அன்றைக்குத்தான் விசிலை வாயிலிருந்து எடுத்தான். அக்கா சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு, ஏதோ சாப்பிடப் போகிறவள் மாதிரி படியிறங்கினாள். நான் வாத்தியாரின் பஞ்சை இன்னொரு நர்சிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

நாங்கள் போனபோது அந்த ஆள் லாரியிலிருந்து ரம்பத்தைக் கொண்டுவந்து தண்டை அறுக்க ஆரம்பித்திருந்தான். இளவயசு, வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தான். அவன் அப்போதே ஓடியிருக்கலாம். ஆனால் தொழில்காரனுக்குத் தொழிலில் ரோஷம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு வண்டி தன்னை இப்படி முற்றத்தில் வைத்துச் சுற்றவிட்டதை அவனால் தாங்க முடியவில்லை. கேட் இழுத்துச் சாத்தப்பட்ட சத்தமும், லாரி கிளம்பிப் போன சத்தமும் அவன் காதில் விழவே இல்லை.

"என்ன தம்பி, நகர மாட்டேங்குதா?" என்றாள் அக்கா.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கூடையும் கையுமாக ஒரு அம்மா. கியர் பாக்ஸ் போய்விட்டதாகவும், எல்லாக் கியரும் விழுவதாகவும், வண்டி மட்டும் அசையமாட்டேன் என்கிறதாகவும் சொன்னான். அக்கா அப்படியா அப்படியா என்று கேட்டுக்கொண்டாள். கொஞ்சம் இறங்குங்கள், நான் பார்க்கிறேன் என்றாள். அவன் சிரித்தான். ஆனால் சுற்றி நின்றவர்கள் எல்லோரும், அக்கா பார்க்கட்டும், அக்கா பார்த்தால் சரியாகிவிடும் என்று ஒரே குரலாகச் சொல்லவே, வேறு வழியில்லாமல் ரம்பத்தோடு இறங்கி வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

அக்கா ஏறி உட்கார்ந்தாள். கூடையைத் திறந்து டிபன் பாக்சைத் தூக்கி வைத்தாள், அடியிலிருந்து கம்பியை எடுத்தாள். ரப்பர் விரிப்பை ஒதுக்கினாள். நாலு திருகு திருகினாள், ஒரு தள்ளு தள்ளினாள். என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, பெரிய கியரைப் போட்டு கிளட்சிலிருந்து காலை மெதுவாக எடுத்தாள். ஜீப் முறுக்கிய சக்கரத்தோடு பூனைபோல முன்னால் வந்து, அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

அவன் திருதிருவென்று விழித்தான். கம்பியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சாத்தியிருந்த கேட்டைப் பார்த்தான். ரம்பத்தைப் பிடித்திருந்த கை உயர்ந்தது. அக்கா வண்டியை விட்டு இறங்கி நேராக அவன் எதிரிலேயே போய் நின்றாள். ஸ்ட்ரெச்சர் பையன்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தார்கள். அவள் அவர்களையும் கையால் தடுத்துவிட்டு அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கை தானாக இறங்கியது. ரம்பம் தரையில் விழுந்தது. அவனும் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"சின்ன கியர் இருக்கும்னு எனக்குத் தெரியும்க்கா" என்றான், யாரும் கேட்காமலே. "அதோட கம்பியையே காணோம். கழட்டிப் போட்டுட்டு சும்மா ஓட்டுறாங்கன்னு நெனச்சேன். எத்தனையோ வண்டி பாத்திருக்கேன், இப்படி ஒண்ணு பாத்ததில்ல. யாரு செஞ்சு குடுத்தா?"

திருட வந்தவன் வாயாலேயே என் அக்காவுக்குப் பாராட்டு. வேறு நாளாக இருந்தால் நான் அதை எழுதி வாங்கி வார்டில் ஒட்டியிருப்பேன். அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"கடைத்தெருவுல ஒரு பச்ச ஜீப் நின்னுச்சு. அதையும் நீதான் எடுத்தியா?"

அவன் தலை குனிந்தது. அதெல்லாம் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது என்று முணுமுணுத்தான்.

"அதுல ஒரு அம்மா வருவாங்க. மேல பாரு, அந்த ஜன்னல். அதுதான் அவங்க படுக்கை. வண்டி போன ரெண்டாவது வாரம் செத்துட்டாங்க."

அவன் மேலே பார்த்தான். ஜன்னலில் வாத்தியார் நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் மற்ற நோயாளிகளும், கையில் கட்டோடு. அந்த ஆள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரிஞ்சிருக்காது. இப்ப தெரிஞ்சுக்க."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. போலீஸ் வருகிற வரைக்கும் அவன் எழுந்திருக்கவும் இல்லை, முகத்தைத் துடைக்கவும் இல்லை. போலீஸ் வண்டியில் ஏற்றும்போது மட்டும் ஒரு தரம் அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். அவன்மேல் இரக்கம் வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். கொத்தனாரம்மாவின் படுக்கைக்கு விரிப்பு மாற்றுகிறவள் நான்.

சாயங்காலம் நோயாளிகள் எல்லாரும் ஜீப்பில் ஏறிவிட்டார்கள். தண்டில் ரம்பம் பாதி தின்ற காயம் இருந்தது, ஒயர்களை மீசை வந்து ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். அக்கா அத்தானுக்குப் போன் போட்டாள். கித்தானை இழுத்துக் கட்டவேண்டியிருந்ததால் போனை ஸ்பீக்கரில் வைத்து சீட்டில் போட்டிருந்தாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். ஒருத்தன் வந்தான், உங்கள் பூட்டைத் தாண்ட முடியவில்லை, சக்கரத்தை ஒடித்து வைத்ததால் தள்ளியும் போக முடியவில்லை, மாட்டிக்கொண்டான் என்றாள். கம்பியைப் பற்றி மூச்சுவிடவில்லை. நான் இடையில் புகுந்து, என்ன அத்தான், வண்டி பிழைத்ததே, இனி கடைக்கு மேலே பூட்டுக்கடை ஒன்றும் திறந்துவிடுங்கள் என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

அதற்குள் அத்தான் முந்திக்கொண்டார்.

"அப்ப நீ எங்க இருந்த?" என்றார் அத்தான். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"மாடியில. வார்டுல."

"குறுக்க போகலியே?"

அக்கா கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். "போகலங்க."

"பூட்டு இல்லேன்னா போயிருப்ப. வண்டிக்கு முன்னால போய் நின்னிருப்ப. எனக்குத் தெரியாதா உன்ன? அதுக்குத்தான வாங்கினேன். வண்டிக்கா வாங்கினேன்?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார். அக்காவின் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் வாயைப் பற்றி அவளுக்குத் தெரியும். அந்த வாய்க்கு இத்தனை வருடமாக அத்தான்தான் தீனி. ரம்பத்துக்கு எதிரில் அவள் போய் நின்றது என் கண்ணுக்குள் அப்படியே இருந்தது.

"என் பக்கத்துலயேதான் இருந்தா அத்தான்" என்றேன். "தூங்கிட்டு இருந்தா."

ஓடையில் தண்ணீர் ஏறுவதற்குள் போகவேண்டும் என்று வாத்தியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

அடுத்த தடவை அவர்கள் வந்தபோது ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் இறங்கினார்கள், யாரும் குறையவில்லை. அக்கா கம்பியைக் கழற்றிக் கூடையில் போட்டாள். சக்கரத்தை ஒரு பக்கமாக முழுசாக ஒடித்தாள். காயம்பட்ட சிவப்புத் தண்டை மாட்டிச் சாவியைத் திருப்பினாள். முன்பெல்லாம் மாட்டுவாள், வந்துவிடுவாள். அன்றைக்கு இரண்டு படி ஏறியவள் திரும்பிப் போய், பூட்டு விழுந்திருக்கிறதா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.